சீனாவுக்குப் போன சோலாப்பூர் டாக்டர்

1938-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி. பம்பாய்த் துறைமுகத்தில் இருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் 5 இந்திய டாக்டர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 27. சோலாப்பூரில் பிறந்தவர். பெயர், துவாரகாநாத் கோட்னிஸ்.

பணம் சம்பாதிக்க அவர்கள் போகவில்லை. 1937-ல் ஜப்பான், சீனா மீது படையெடுத்தது. காயம் பட்டவர்களுக்குக் கட்டுப்போடக்கூடப் போதிய டாக்டர்கள் அங்கே இல்லை. உதவி கேட்டு, சீனத் தளபதி சூ தே நேருவுக்குக் கடிதம் எழுதினார். காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி திரட்டினார். அப்போது நம் நாடே அடிமை நாடு. ஆனாலும் மக்கள் கொடுத்தார்கள்!

தந்தை மரணம்

சீனா போய்ச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். ஊரில் இருந்து ஒரு செய்தி வந்தது. தந்தை காலமாகிவிட்டார்! ஊருக்குப் போய்வரும்படி உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். கோட்னிஸ் அழுதார். ஆனால் போகவில்லை. வந்த வேலை இன்னும் தொடங்கவே இல்லையே என்று நினைத்தார்.

1939 பிப்ரவரியில் யேனான் போய்ச் சேர்ந்தார். அங்கே மலையைக் குடைந்த குகைகள்தான் வீடு. தினைச் சோறுதான் சாப்பாடு. குளிரோ எலும்பைத் துளைக்கும்.

பாஷை வேறு தெரியாது. எங்கே வலிக்கிறது என்று நோயாளியிடம் கேட்கவும் ஆள் வேண்டும். சீன பாஷையில் ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஓர் அர்த்தம். இறக்கிச் சொன்னால் வேறு அர்த்தம்! கோட்னிஸ் விடவில்லை. பேசப் படித்தார். எழுதவும் படித்தார். பிறகு சீன மாணவர்களுக்குச் சீன பாஷையிலேயே வைத்தியப் பாடம் நடத்தினார்!

கண் மூடாத 3 நாள்

அடுத்து, போர்முனைக்கு அருகே போனார். ஆஸ்பத்திரி என்று தனிக் கட்டடம் கிடையாது. கிராமத்து வீடுகள்தான் ஆஸ்பத்திரி. மருந்துக்குப் பஞ்சம். கட்டுத் துணியைத் துவைத்துத் துவைத்து மறுபடி கட்டினார்கள்.

1940-ல் பெரிய சண்டை. காயம் பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கோட்னிஸ் 72 மணி நேரம் தூங்காமல் ஆபரேஷன் செய்தார். அந்தச் சண்டையில் அவர் சிகிச்சை செய்தவர்கள் 800 பேருக்கு மேல்!

அதே பகுதியில் அவருக்கு முன்பு தொண்டு செய்தவர் கனடா நாட்டு டாக்டர் பெத்யூன். ஆபரேஷன் செய்தபோது விரலில் கத்தி பட்டு, ரத்தத்தில் விஷம் ஏறி, 1939-ல் இறந்தார். அவர் பெயரால் அமைந்த ஆஸ்பத்திரிக்கு 1941 ஜனவரியில் கோட்னிஸ் தலைவர் ஆனார். சிப்பாய்கள் அவரை "கறுப்புத் தாய்" என்று அன்போடு அழைத்தார்கள்.

கல்யாணம்

நர்சுகளுக்குப் பாடம் நடத்தி வந்த குவோ சிங்லான் என்ற சீனப் பெண்ணை 1941-ல் மணந்தார். 1942 ஆகஸ்டில் ஆண் குழந்தை பிறந்தது. இன்ஹுவா என்று பெயர் வைத்தார்கள். சீன பாஷையில் "இன்" என்றால் இந்தியா. "ஹுவா" என்றால் சீனா.

ஆனால் கோட்னிசுக்கு வலிப்பு நோய் வந்துவிட்டது. ஓய்வு எடுக்கும்படி சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பகலில் ஆபரேஷன், பாடம். மற்ற நேரத்தில், ரண சிகிச்சை பற்றி மாணவர்களுக்காகப் புத்தகம் எழுதினார்.

1942 டிசம்பர் 9-ந் தேதி வலிப்பு அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. வயது 32. மகனுக்கு மூன்றரை மாதம். எழுதி வந்த புத்தகம் பாதியில் நின்றது.

உடன் போன 4 டாக்டர்களும் 1943-க்குள் நாடு திரும்பினார்கள். கோட்னிஸ் மட்டும் திரும்பவில்லை.

அவர் கதையை 1946-ல் சாந்தாராம் சினிமாவாக எடுத்து, தாமே கோட்னிசாக நடித்தார். மகன் இன்ஹுவா தந்தையைப் போலவே டாக்டர் ஆகப் படித்தான். 1967-ல், இளம் வயதிலேயே இறந்துபோனான். கணவரின் ஊரான சோலாப்பூருக்கு வந்து உறவினரைப் பார்த்துப்போன குவோ சிங்லான், 2012-ல் காலமானார்.

ஷிஜியாஷுவாங் நகரில் வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெத்யூனும் கோட்னிசும் அங்கேதான் உறங்குகிறார்கள். ஒருவர் கனடாக்காரர், மற்றவர் நம் சோலாப்பூர்க்காரர். இருவருக்கும் சீன மக்கள் மலர் வைத்து வணங்குகிறார்கள்.