மூச்சு வாங்குவதை ஆராய்ந்த டாக்டர்

இந்த மாதம் டாக்டர் அவதார் சிங் பெயின்டல் பற்றி எழுதுகிறேன். பேருலயே பெயின் இருக்குன்னு சிரிக்காதீங்க. அவர் நிஜமாவே வலி நரம்பையும் ஆராய்ந்தவர்தான்!

இவர் 24.9.1925 அன்று பர்மாவில் மோகோக் என்ற ஊரில் பிறந்தார். லக்னோவில் டாக்டருக்குப் படித்தார். பிறகு ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவுக்குப் போய் 1952-ல் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார்.

மூளையிலிருந்து இதயம், நுரையீரல், இரைப்பைக்கு வேகஸ் என்ற நரம்பு போகிறது. வெளியே ஒரே கயிறு மாதிரி இருந்தாலும் உள்ளே ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கு. பெயின்டல் பூனைகளிடம் அதில் ஒரு இழையை மட்டும் பிரித்தெடுத்து, அதில் ஓடும் மின் சைகையைப் பதிவு செய்தார். எவ்வளவு பொறுமை வேணும் பாருங்க!

சாப்பிட்டதும் இரைப்பை விரிவதை மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளை 1954-ல் கண்டுபிடித்தார். நுரையீரலில் நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டியிருக்கும் ஜே உணர்விகளை 1955-ல் கண்டுபிடித்தார். 1960-ல் தசையை அழுத்தும்போது வலியைச் சொல்லும் நரம்புகளைப் பற்றி எழுதினார்.

மேடு ஏறும்போது நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாகப் பாயும். அங்கே நீர் கோர்த்தாலும் ஜே உணர்விகள் தூண்டப்படும். அதனால் மூச்சு வாங்கும். இது உடம்பு நம்மை நிறுத்தி வைக்கும் பாதுகாப்பு என்று அவர் கருதினார்.

இவர் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் பல வருடம் இயக்குநராக இருந்தார். 1981-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1986-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 21.12.2004 அன்று காலமானார்.

எங்க அம்மாச்சி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க. லீவு நாளில் நானும் கூடப் போவேன். மேட்டுல அவங்க நின்னு நின்னு வருவாங்க. சோம்பேறித்தனம்னு நினைச்சு வெரசா வாங்கன்னு கத்துவேன். இதைப் படிச்ச பிறகு வெட்கமா இருந்துச்சு. இப்ப அவங்க நின்னா நானும் நிக்கிறேன்.

ஆனா சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா அது வேற. இதய நோயோ நுரையீரல் நோயோ இருக்கலாம். போன வாரம் அம்மாச்சிக்கு அப்படி ஆச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். உங்க வீட்டுப் பெரியவங்களையும் கவனிங்க.



ஒன்பதாம் வகுப்பு மாணவி