மார்பின் கண்ட செர்ட்டூர்னர்

நம் வீட்டு அடுப்பங்கரையில் குருமாவுக்கும் பாயசத்துக்கும் அரைக்கும் கசகசா, ஓர் அழகிய பூச்செடியின் விதை. அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால், உறைந்து அபின் ஆகிறது. பல நூற்றாண்டுகளாக மக்கள் வலி தணிக்க அபினையே நம்பியிருந்தனர். ஆனால் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு சரக்கில் வீரியம் மிகுதி, மற்றொன்றில் குறைவு. வைத்தியர் ஒரே எடை நிறுத்துக் கொடுத்தாலும் ஒருவருக்கு வலி தணியாது. மற்றொருவரோ உறங்கியவர் எழாமலே போவார். இக்குறை தீர வழி கண்டவர் பிரெடரிக் செர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானியர்.

அவர் 1783-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் பாடர்போர்ன் நகரை அடுத்த நொய்ஹவுஸ் என்னும் ஊரில் பிறந்தார். அந்நாளில் பாடர்போர்ன் ஆயரே அந்நாட்டின் அரசருமாவார். அவரிடம் செர்ட்டூர்னரின் தந்தை பணிபுரிந்தார். 1798-இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு, பதினாறு வயதில், செர்ட்டூர்னர் அந்நகரின் மருந்துக் கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். 1803-இல் தேர்வில் தேறி உதவியாளரானார்.

அபினில் வலியைத் தணிப்பது எது என்னும் கேள்வி அவரை விடவில்லை. கடையிலிருந்த எளிய கருவிகளைக் கொண்டே ஆராயத் தொடங்கினார். அபினின் சாற்றை வடித்து, அதில் அம்மோனியா சேர்த்தார். அடியில் படிந்ததைத் தூய்மை செய்தபோது நிறமற்ற படிகங்கள் கிடைத்தன. அவற்றை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், அவை உறங்கின. தாவரங்களின் மருந்துச் சத்துகள் அமிலங்களே என்று அறிஞர் எண்ணியிருந்த காலம் அது. இப்பொருளோ காரத்தன்மை உடையதாயிருந்தது. 1805, 1806-ஆம் ஆண்டுகளில் இதை எழுதி வெளியிட்டார். ஒரு கடை உதவியாளரின் சொல்லை யாரும் பொருட்படுத்தவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. ஐன்பெக் நகருக்குச் சென்ற பின்னும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மனிதருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அறிய, தாமும் மூன்று இளைஞருமாக அம்மருந்தை உட்கொண்டனர். முதலில் அரை கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 30 மில்லிகிராம். அரைமணி கழித்து மீண்டும் அரை கிரெய்ன். கால்மணி கழித்து மேலும் அரை கிரெய்ன். முகம் சிவந்தது, தலை சுற்றியது, நால்வரும் மயங்கும் நிலைக்கு வந்தனர். அஞ்சிய செர்ட்டூர்னர் காடியைக் குடிக்கச் செய்து வாந்தி எடுக்க வைத்தார். நால்வரும் பிழைத்தனர். இன்று எந்த மருத்துவ நெறியும் இத்தகைய சோதனையை அனுமதிக்காது. எனினும், இம்மருந்தை மிகச் சிறிய அளவிலேயே கொடுக்க வேண்டும் என்பது அன்று தெளிவாயிற்று.

1817-இல் இவற்றையெல்லாம் விரிவாக வெளியிட்டு, கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்பியசின் பெயரால் மருந்துக்குப் பெயரிட்டார். பிரெஞ்சு அறிஞர் கே-லுசாக் அதன் அருமையை உணர்ந்து உலகறியச் செய்தார். அதே ஆண்டு யேனா பல்கலைக்கழகம் செர்ட்டூர்னருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1831-இல் பிரெஞ்சுக் கழகம் 2000 பிராங்கு பரிசளித்தது. 1841 பிப்ரவரி 20-ஆம் நாள் ஹாமெல்ன் நகரில் அவர் காலமானார்.

தூய மருந்து கையில் வந்தபின்தான் அதைச் சரியாக அளக்க முடிந்தது. ஆனால் அளவு பற்றிய ஆராய்ச்சி அவரோடு முடியவில்லை. 1973-இல், பூட்டில் சாவி பொருந்துவதுபோல் இவ்வகை மருந்துகள் பொருந்தும் இடங்கள் மூளையில் உண்டென்று அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினர். விழுங்கிய மார்பினில் பெரும்பகுதி கல்லீரலிலேயே மாறிவிடுகிறது. ஆதலால் ஊசியைவிட வாய்வழி அளவு கூடுதலாக வேண்டும். அவ்வாறு மாறிய பொருள்களுள் ஒன்றுக்கும் வலி தணிக்கும் ஆற்றல் உண்டு. அது சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதுற்றவரிடம் அது தேங்கி, மூச்சையே தளர்த்திவிடும். ஆகவே ஆளறிந்து அளக்க வேண்டும்.

நேரமறிந்து கொடுக்கவும் வேண்டும். இலண்டனில் அயர்லாந்து நாட்டு அருட்சகோதரிகள் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் 1958 முதல் பணியாற்றிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறுதி நாள்களில் இருந்த புற்றுநோயாளருக்கு, வலி வந்து துடிக்கும்வரை காத்திராமல், குறித்த நேரந்தோறும் மார்பின் கொடுத்தார். அவர்கள் வலி தணிந்து, தெளிந்த மனத்தோடு உற்றாருடன் பேசினர்.

மாணவியரே, நாளை உங்களுள் சிலர் செவிலியராகலாம், மருத்துவராகலாம். மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஒன்று பத்தாகிவிடும். துன்புறுவோர்மேல் இரக்கம் இருந்தால் மட்டும் போதாது. அந்த இரக்கத்துக்கு அளவறிந்த கையும் வேண்டும். அந்த மருந்துக் கடை இளைஞரின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது இதுவே.