பாரதி வந்த வாசகசாலை

நம் கல்லூரியின் பழைய செட் அண்ணன்மார் பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்க, பாரதியார் பல்கலைக்கழகம் என்றிருக்கும். 1982-ல் மருதமலை அடிவாரத்தில் தொடங்கியது. 2001-க்குப் பின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனதால் எங்கள் செட்டுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் பட்டதாரி இல்லை. 1882-ல் எட்டயபுரத்தில் பிறந்தார். 'பாரதி' என்பதே சின்ன வயதில் பாட்டுக்காக அங்கே கிடைத்த பட்டம். காசியில் படிப்பு, 1904-ல் மதுரையில் சில மாதம் வாத்தியார் வேலை, பிறகு சென்னையில் பத்திரிகை. 1908-ல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போனவர், பத்து வருஷம் கழித்து வெளியே வந்ததும் கடலூரில் பிடிபட்டார்.

நம்ம பக்கத்துக் கதை கருங்கல்பாளையம். கருமத்தம்பட்டியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். கோயில் யானை தள்ளி, உடம்பு தேறியிருந்த சமயம், 1921 ஜூலை முடிவில் ஈரோடு வந்து அங்குள்ள வாசகசாலையில் பேசினார். மனிதனுக்குச் சாவில்லை என்பதுதான் விஷயம். ஆறே வாரத்தில் திருவல்லிக்கேணி வாடகை வீட்டில் போய்விட்டார். வயது 38, நம்ம செட்டில் பாதிப் பேருக்கு இப்ப அதே வயசு. கடைசியாகக் கூடப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லையாம்.

இன்று அவர் பெயரில் டெல்லியில் சாலை, புதுச்சேரியில் பூங்கா, நம்ம காந்திபுரத்தில் ரோடு. கருங்கல்பாளையத்தில் நினைவு நூலகம். சந்திப்புக்கு மறுநாள் காலை நாலைந்து பேர் கார் எடுத்து அங்கே போறோம். வர்றவங்க முதல் நாளே சொல்லி வைங்க.