ஸ்ரீமான் நடராஜ முதலியாரும் படம்பிடி யந்திரமும்

அமிர்திக் கானகத்திற்கு அணித்தான வேலூரில் 1885-ஆம் ஆண்டு பிறந்தவர் ஸ்ரீமான் ஆர். நடராஜ முதலியார். மோட்டார் வியாபாரத்தில் பொருளீட்டிய அன்னார், சலனப்படத்தின்மேற் பற்றுக்கொண்டு, ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் அவ்வித்தையைப் பயின்றார். தஞ்சை மூப்பனார் ஒருவரிடமிருந்து வில்லியம்ஸன் காமிராவையும் பிரதியெடுக்கும் யந்திரத்தையும் ரூ. 1,800 கொடுத்து வாங்கினார். 1917-இல் சென்னையில் இந்தியா பிலிம் கம்பெனியை நிறுவி, தாமே கைப்பிடியைச் சுழற்றிக் ‘கீசக வத’த்தைப் பிடித்தார், பிலிமைக் கழுவுதற்குக் குளிர்ந்த பெங்களூரில் சாலையும் அமைத்தார். தென்னாட்டின் முதற் கதைப்படம் அதுவே. 1923-இல் தீவிபத்தும் புத்திர சோகமும் சேர, அத்தொழிலைத் துறந்தார். 1971-இல் காலமானார். அவர்தம் படங்களுள் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. ஆயினும், விலைகொடுத்துப் பெற்ற கருவியைத் தம் கையாலேயே ஆண்ட அவ்வூக்கத்தை நாம் மறத்தல் தகாது.