சைக்கிளை மலையேற்றிய பட்டு வியாபாரி

குட்டீஸ்! வில்லியனூரில் இருந்து பாகூருக்குச் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? வழியெல்லாம் வயல்வெளி, ஏரிக்கரை. பெரிய மேடு என்று எதுவும் கிடையாது. கடல் காற்று எதிரே வீசினால் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். அதே சைக்கிளை ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டச் சொன்னால்? சிறிது நேரத்திலேயே கீழே இறங்கித் தள்ள ஆரம்பித்து விடுவீர்கள்!

நூற்றி இருபது ஆண்டுகளுக்கு முன்பு உலகம் முழுவதும் இதே கதைதான். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அதுதான் விதி என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த விதியை மாற்றப் பாடுபட்டவர் ஒரு பட்டு வியாபாரி. அவர் பெயர் போல் தெ விவி. 'வெலோசியோ' என்ற புனைபெயரில்தான் அவரைச் சைக்கிள் உலகம் அறியும்.

கொம்யூனும் சைக்கிளும்

வெலோசியோ 1853ம் ஆண்டு ஏப்ரல் 29ம் தேதி, தென் பிரான்சில் உள்ள பெர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது நம் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1880ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டு, வில்லியனூரையும் பாகூரையும் கொம்யூன்களாக ஆக்கியது. அதற்கு அடுத்த ஆண்டுதான், கடலுக்கு அப்பால் வெலோசியோ தன் முதல் சைக்கிளை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 28.

அந்தச் சைக்கிளைப் பார்த்தால் சிரித்து விடுவீர்கள். முன்சக்கரம் ஏறக்குறைய ஆள் உயரம், பின்சக்கரமோ குட்டியூண்டு! முன்சக்கரத்திலேயே பெடல் இருக்கும். செயின் கிடையாது. உயரத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஒரு கல் தடுக்கினாலும் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

வெலோசியோ பயப்படவில்லை. பந்தயம் கட்டி, மலை ஊரான லா ஷேஸ் தியூவுக்கு 90 கிலோமீட்டர் தூரத்தை 6 மணி நேரத்தில் கடந்தார். புதுச்சேரியில் இருந்து சிதம்பரம் போகும் தூரத்தைவிட இது அதிகம்! அந்த ஒரு பயணம் அவரது வாழ்க்கையையே மாற்றிவிட்டது. நன்றாக நடந்துகொண்டிருந்த பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டார். சேந்த் எத்தியேன் என்ற தொழில் நகரில் சைக்கிள் கடை திறந்தார். 1887ல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். கையில் இருந்த தொழிலை விட்டுவிட்டு, அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த ஒரு வண்டியை நம்பி இறங்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மலைதான் ஆசிரியர்

சேந்த் எத்தியேன் நகரைச் சுற்றி மலைகள். ஊரைவிட்டு வெளியே போனாலே ஏற்றம்தான். சமதளத்தில் வேகமாக ஓடும் சைக்கிள் மலையில் ஏற மறுக்கும். மலைக்கு ஏற்றபடி செய்த சைக்கிளோ சமதளத்தில் ஆமைபோல நகரும். ஒரே சைக்கிளில் இரண்டும் வேண்டுமானால் என்ன செய்வது என்று வெலோசியோ யோசித்தார்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. முன்பக்கப் பல்சக்கரத்தில் 48 பற்கள், பின்பக்கத்தில் 16 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 3 சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் என்றால், சைக்கிள் 6 மீட்டர் ஓடும். பின்பக்கத்தில் 24 பற்கள் கொண்ட சக்கரத்தை மாட்டினால்? பெடலின் ஒரு சுற்றுக்கு 4 மீட்டர்தான் ஓடும். ஆனால், மிதிப்பது சுலபமாகிவிடும்.

வேலை குறைந்துவிட்டதா? இல்லை! மலையின் உயரம் அதேதான். 50 கிலோ அரிசியை ஒரே மூட்டையாகத் தூக்காமல், பத்துப் பத்துக் கிலோவாக ஐந்து நடை கொண்டு போவது போல, வேலையைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துக்கொள்கிறோம். அவ்வளவுதான்!

வெலோசியோ ஒரே சைக்கிளில் பல அளவுப் பல்சக்கரங்களைப் பொருத்திப் பார்த்தார். முதலில் ஒவ்வொரு முறையும் சைக்கிளை நிறுத்தி, செயினைக் கையால் மாற்றி மாட்ட வேண்டியிருந்தது. பிறகு, ஓட்டிக்கொண்டே செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிகளை உருவாக்குவதில் இறங்கினார். இன்று கியர் சைக்கிளில் 'டிரெய்லர்' என்று பலர் தவறாகச் சொல்லும் 'டிரெய்லியர்' கருவியின் முன்னோடிகளில் இவரும் ஒருவர். எந்தப் புதுப் பாகத்தையும் முதலில் தானே மலையில் ஓட்டிப் பார்ப்பார். பிறகுதான் அதன் நிறை, குறைகளைப் பத்திரிகையில் எழுதுவார்.

கேலி செய்தவர்கள்

இவ்வளவு நல்ல கண்டுபிடிப்பை எல்லாரும் கைதட்டி வரவேற்றிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை!

1903ல் 'டூர் தெ பிரான்ஸ்' என்ற புகழ்பெற்ற சைக்கிள் போட்டியைத் தொடங்கியவர் ஆன்ரி தெகிரான்ஞ். கியர் என்பது வயதானவர்களுக்கான வசதி. இளைஞர்கள் தசை வலிமையால்தான் வெல்ல வேண்டும் என்பது அவரது கருத்து. அதனால் அவரது போட்டியில் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கினார்கள். பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் இருக்கும் வேறு அளவுப் பல்சக்கரம் செயினில் வரும்படி திருப்பி மாட்டினார்கள். அதன் பிறகுதான் ஏற்றத்தில் ஓட்டினார்கள்.

ஆனால், 1902லேயே பிரான்சின் சுற்றுலாச் சங்கம் துர்மலே என்ற மலைக் கணவாயில் ஒரு சோதனை ஓட்டம் நடத்தியிருந்தது. அந்தக் கணவாயின் உயரம் 2,115 மீட்டர். மார்த் எஸ் என்ற பெண்மணி கியர் உள்ள சைக்கிளில் அந்த ஓட்டத்தை முடித்துக் காட்டினார். பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையே பலர் குறை சொன்ன காலம் அது!

வெலோசியோ யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஓட்டினார், எழுதினார், மறுபடியும் ஓட்டினார். அவருக்குப் போட்டியில் ஜெயிப்பது முக்கியமில்லை. ஊர் ஊராகப் போய் உலகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு வயதானவர், பெண்கள், பலசாலி அல்லாதவர் என எல்லாராலும் ஓட்டக்கூடிய சைக்கிள் வேண்டும். இதுதான் அவரது ஆசை.

பயணத்துக்குச் சில யோசனைகள்

நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அவர் சொன்ன யோசனைகள் எளிமையானவை. பசி எடுப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். சாப்பிடவும் தூங்கவும் முடியாத அளவுக்குக் களைத்துப் போகக் கூடாது. வழியில் மது, புகையிலை, இறைச்சி கூடாது. தொடக்கத்தில் சக்திக்கு மீறி மிதிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் மெச்ச வேண்டும் என்று வீம்புக்கு ஓட்டவே கூடாது!

1930ம் ஆண்டு பிப்ரவரி 27ம் தேதி, சேந்த் எத்தியேன் சாலையில் டிராம் வண்டி மோதி வெலோசியோ காலமானார். அப்போது அவருக்கு வயது 76. அதற்கு 7 ஆண்டுகள் கழித்து, 1937ல்தான் டூர் தெ பிரான்ஸ் போட்டியில் டிரெய்லியர் அனுமதிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஆனால் சேந்த் எத்தியேன் அருகே, 1,161 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே 'வெலோசியோ நாள்' என்ற பெயரில் சைக்கிள் மலையேற்றம் நடத்தும் வழக்கம், அவர் உயிரோடு இருந்த 1922லேயே தொடங்கிவிட்டது.

பழைய சைக்கிளுக்குப் புது உயிர்

அவர் காட்டிய வழியில், பின்னாளில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பிரெஞ்சுக் கைவினைஞர்கள் அழகான பயணச் சைக்கிள்களைச் செய்தார்கள். கியர், மட்கார்டு, பை வைக்கும் கேரியர், டைனமோ விளக்கு எல்லாம் அந்தந்தச் சைக்கிளுக்கென்றே அளவெடுத்துச் செய்தவை. இன்றும் உலகின் பல நாடுகளில் ஆர்வலர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து ஓட்டுகிறார்கள்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊர்ச் சைக்கிள்கள் ஆங்கிலேய முறையில் வந்தவை. பெடல் அச்சு இருக்கும் இடத்தில், செயின் பக்கத்து மூடி இடது மரை. அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். பழைய பிரெஞ்சுச் சைக்கிள்கள் பலவற்றில் இரண்டு பக்கமும் வலது மரை! பெடல் மரையும் அப்படித்தான். பிரெஞ்சுப் பெடலுக்கு 14 மில்லிமீட்டர். ஆங்கிலேயப் பெடலுக்கு அதைவிடக் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும். பலவந்தமாகத் திருகினால் மரை போய்விடும். பொறுமையாக அளந்து பார்த்தவருக்குத்தான் பழைய சைக்கிள் வசப்படும்.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் பழைய சைக்கிள் ஒன்று மூலையில் கிடக்கலாம். பெயின்ட் அடிப்பது கடைசி வேலை. முதலில் வீட்டில் பெரியவர்களையோ சைக்கிள் கடை அண்ணனையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பால்ரஸ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டையையும் டயரையும் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். பிறகு மணி, விளக்கு, கேரியர். அப்படியே முன்னும் பின்னும் பல்சக்கரத்தில் எத்தனை பற்கள் என்று எண்ணி, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சைக்கிள் தயாரா குட்டீஸ்? ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்பு பெரியவர்களோடு பாகூர் ஏரிக்கரைக்கு ஒரு பயணம் போய் வாருங்கள். தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம். யார் முந்துகிறார்கள் என்று பார்க்காமல், வழியில் எத்தனை பறவைகளைப் பார்த்தீர்கள் என்று எண்ணுங்கள். வெலோசியோ விரும்பிய பயணம் அதுதான்!