எச். வார்த்

எச். வார்த் என்பவர் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய சுரங்கப் பொறியாளரும் நிலவியலாளரும் ஆவார். கியூரா உப்புச் சுரங்கத்தைத் திட்டமிட்டு அமைத்தவராக இவர் பெரிதும் அறியப்படுகிறார். அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாஸ்பேட் இருப்பைக் கணக்கிட்டவரும் இவரே. குரும்பலூரை உள்ளடக்கிய இன்றைய பெரம்பலூர் மாவட்டமும், அரியலூர் மாவட்டமும் அக்காலத்தில் அதனுள் அடங்கியிருந்தன.

கியூரா சுரங்கம்

இன்று பாக்கித்தானில் உள்ள உப்பு மலைத்தொடரில் கியூரா அமைந்துள்ளது. முன்பு அங்கு குறுகிய, ஒழுங்கற்ற வழிகளிலேயே உப்பு தோண்டப்பட்டது. 1872 இல் வார்த் தரைமட்டத்தில் ஒரு முதன்மைச் சுரங்கப்பாதையை வகுத்தார். அறை-தூண் முறையில், உப்பில் ஏறத்தாழப் பாதி வெட்டப்பட்டு, மறுபாதி கூரையைத் தாங்கும் தூண்களாக விடப்பட்டது. எனவே நிலத்தடியில் இருக்கும் உப்பு முழுவதும் எடுக்கத்தக்க உப்பு அன்று.

ஊட்டத்தூர்ப் பாஸ்பேட்

ஊட்டத்தூர்ப் படிவுகள் கிரீத்தேசியக் காலத்தவை. இவற்றின் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றன. 200 அடி ஆழம் வரை 80 இலட்சம் டன் உருண்டைகள் இருக்கக்கூடும் என 1893 இல் வார்த் மதிப்பிட்டார்.

இவ்வெண் பெரிதெனினும் உருண்டைகளின் பரவல் சீரற்றது. தோண்டிய குழிகளில் 100 கன அடிக்கு 27 முதல் 47 பவுண்டு வரை கிடைத்தது. சில இடங்களில் 70 பவுண்டு. அதாவது ஒரு டன் உருண்டைக்கு ஏறத்தாழ 4,800 முதல் 8,300 கன அடி மண்ணைத் தோண்ட வேண்டும். உருண்டைகளைப் பொடியாக்கித் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு உரமாக விற்கும் முயற்சி கைவிடப்பட்டது.

சில குழிகளின் அளவைக் கொண்டு பரந்த நிலப்பரப்பை மதிப்பிடும்போது எழும் பிழையைக் கணிக்க அக்காலத்தில் தக்க கணித முறை இல்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக டேனி கிரிகே 1951 இல் வெளியிட்ட ஆய்வே அதற்கு வழிவகுத்தது. பின்னர் பிரான்சின் சார்ச் மாத்தெரோன் அதனைப் புவிப்புள்ளியியலாக வளர்த்தார். வார்த்தின் மதிப்பீட்டை இன்றைய வகைப்பாட்டில் உறுதி செய்யப்பட்ட இருப்பாகக் கொள்ள இயலாது.

புதைபடிவங்களும் பிற ஆய்வுகளும்

புதுச்சேரியின் கிரீத்தேசியப் படிவுகள் குறித்து இவர் 1895 இல் கட்டுரை வெளியிட்டார். இவர் திரட்டிய புதைபடிவங்களை வியன்னாவின் பிரான்சு கோசுமாத் ஆராய்ந்து விவரித்தார். உப்பு மலைத்தொடரில் கிடைத்த நியோபோலசு வார்த்தி என்னும் சிற்றினமும், வார்த்தியா என்னும் நத்தைப் பேரினமும் இவர் பெயரைத் தாங்கியவை. இந்தியச் செம்பூரான் கல்லின் வேதியியல் உட்கூறு பற்றி எஃப். ஜே. வார்த்துடன் இணைந்து எழுதிய கட்டுரை 1903 இல் வெளிவந்தது.