ஒரு ஷில்லிங்கில் தொடங்கிய உலகப் பயணம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

உலகம் உருண்டை என்பதை நாம் ஆரம்பப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் அந்த உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றிவர ஒரே பயணச்சீட்டு வாங்கலாம் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விமானக் கம்பெனிகள் பல ஒன்றுகூடி அமைத்த கூட்டணிகள் இத்தகைய சீட்டுகளை விற்கின்றன. அவற்றுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. கிழக்கு நோக்கியோ மேற்கு நோக்கியோ ஒரே திசையில் செல்ல வேண்டும். அட்லாண்டிக், பசிபிக் ஆகிய இரு மாக்கடல்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடக்க வேண்டும். விமானங்கள் பதினாறுக்கு மேல் போகக் கூடாது. ஓராண்டுக்குள் புறப்பட்ட நாட்டுக்கே திரும்பிவிட வேண்டும். முன்பு பறந்த பயணங்களுக்குக் கிடைத்த புள்ளிகளைச் சேர்த்துவைத்து, பணத்துக்குப் பதிலாக அப்புள்ளிகளைக் கொடுத்துச் சீட்டுப் பெறுவோரும் உண்டு.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் விதை ஊன்றிய மனிதர் விமானத்தைக் கண்ணால் கண்டதில்லை. பத்து வயதில் பள்ளியை விட்டுக் கூலி வேலைக்குப் போனவர் அவர். அவர்தான் தாமஸ் குக். அவரைப் பற்றி நான் எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன்.

இளமையும் வறுமையும்

இங்கிலாந்து நாட்டில் டெர்பிஷயர் மாவட்டத்தில் மெல்போர்ன் என்றொரு சிற்றூர். அங்கே 1808ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தாமஸ் குக் பிறந்தார். ஆஸ்திரேலியாவின் பெருநகரம் வேறு, இவ்வூர் வேறு. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பத்து வயதில் படிப்பு நின்றது. ஒரு தோட்டத்தில் எடுபிடி வேலை. நாளொன்றுக்கு ஒரு பென்னி கூலி. பதினான்கு வயதில் தம் மாமனிடம் மரச்சாமான் செய்யும் தொழில் பழகினார்.

1828இல் பாப்டிஸ்ட் திருச்சபையின் ஊழியராகி, ஊர் ஊராகச் சென்று சமயப் பணி செய்தார். 1829ஆம் ஆண்டில் மட்டும் அவர் 2,692 மைல் பயணம் செய்தார். அதில் 2,106 மைல் கால்நடையாகவே சென்றார். கணக்கிட்டுப் பார்த்தால் நூற்றுக்கு எழுபத்தெட்டு பங்கு நடைதான்! உலகையே வாகனத்தில் ஏற்றிவைத்த மனிதர் முதலில் கற்றது நடப்பதற்குத்தான்.

1833இல் மரியான் மேசன் என்ற பெண்மணியை மணந்தார். மதுவின் கொடுமையால் தொழிலாளர் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு மதுவிலக்கு இயக்கத்தில் சேர்ந்தார். அந்த இயக்கமே அவர் வாழ்வின் திருப்புமுனையாயிற்று.

ஒரு நடையில் பிறந்த எண்ணம்

1841 ஜூன் மாதம் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரிலிருந்து லெஸ்டர் நகருக்கு ஏறத்தாழ பதினைந்து மைல் நடந்து சென்றார் குக். அப்போது இரயில் வண்டி புதுமை. அந்த இரயிலை நம் இயக்கத்துக்குப் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் வழியில் அவருக்கு உதித்தது. இரயில் கம்பெனியை அணுகினார். ஒருவர் இருவராக அன்றி, ஒரு வண்டி நிறைய ஆட்களைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லிக் குறைந்த கட்டணம் பெற்றார்.

1841 ஜூலை 5ஆம் நாள் லெஸ்டரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்குச் சுமார் 500 பேர் அந்தச் சிறப்பு வண்டியில் சென்று திரும்பினர். தலைக்கு ஒரு ஷில்லிங். ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்னி. குக் சிறுவனாக இருந்தபோது பெற்ற கூலியில் அது பன்னிரண்டு நாள் உழைப்பு. ஆயினும் அது எளியோர் ஓரளவு எட்டிப் பிடிக்கக்கூடிய தொகையே. தம் ஊரைத் தாண்டி இரயிலேறியே அறியாத பலருக்கு அன்று உலகம் பதினோரு மைல் அகன்றது.

1845இல் லிவர்ப்பூலுக்குப் பயணம் ஏற்பாடு செய்தபோது, வழியில் காண வேண்டியவற்றை விளக்கிக் கையேடு ஒன்றையும் அச்சிட்டுக் கொடுத்தார். 1851இல் இலண்டன் ஹைட் பூங்காவில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. தொழிலாளர்கள் வாரந்தோறும் சிறு தொகை கட்டிச் சேமித்து அங்கே வர வழிவகுத்தார். ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் அவருடைய ஏற்பாட்டில் அப்பொருட்காட்சியைக் கண்டனர்.

சீட்டும் கூப்பனும்

1863இல் குக்கின் குழு சுவிட்சர்லாந்து சென்றது. 1865இல் இலண்டன் ஃப்ளீட் தெருவில் அலுவலகம் திறந்தார். இங்கே அவருடைய அறிவுத்திறனைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்நாளில் ஒவ்வொரு இரயில் கம்பெனிக்கும் தனிச் சீட்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி நாணயம். அடுத்த ஊருக்கு வண்டி எப்போது, விடுதியில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் புதியவருக்குப் புதிர். குக் பல கம்பெனிகளோடும் பேசி, ஒரு வட்டப் பாதை முழுமைக்கும் சேர்த்து முன்கூட்டியே சீட்டு விற்றார். 1868 முதல் விடுதிக் கூப்பன்களையும் வழங்கினார். பயணி ஊரிலேயே பணம் கட்டிக் கூப்பன் வாங்கிக்கொள்வார். விடுதிக்காரர் காசுக்குப் பதில் அதைப் பெற்றுக்கொண்டு, பின்னர் குக்கின் கம்பெனியிடம் பணம் பெறுவார். 1874இல் பல நாட்டு ஊர்களிலும் கொடுத்துப் பணமாக மாற்றத்தக்க தாள்களை அவர் நிறுவனம் வெளியிட்டது. அவை பிற்காலத்துப் பயணிகள் காசோலைக்கு முன்னோடி.

இன்று விமானப் புள்ளிகளைச் சேர்ப்பவர் கையில் இருப்பதும் இத்தகைய நம்பிக்கைச் சீட்டுதானே? யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் அதை மதித்து ஏற்பார் என்ற உறுதிதான் அதன் மதிப்பு.

உலகைச் சுற்றிய 222 நாட்கள்

1869ஆம் ஆண்டு உலகப் படத்தில் இரு பெரும் மாற்றங்களைச் செய்தது. மே மாதம் அமெரிக்காவின் குறுக்கே இருப்புப்பாதை இணைந்தது. நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1870இல் பம்பாயும் கல்கத்தாவும் இரயிலால் இணைந்தன. துண்டு துண்டாகக் கிடந்த பாதைகள் ஒரு வட்டமாகக் கூடியதைக் குக் கண்டுகொண்டார்.

1872 செப்டம்பரில், அறுபத்துமூன்று வயதில், சிறு குழுவோடு லிவர்ப்பூலில் கப்பலேறினார். அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க். அங்கிருந்து இரயிலில் அமெரிக்காவின் மேற்குக் கரை. பசிபிக்கைக் கடந்து ஜப்பான். பிறகு சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா. பம்பாயிலிருந்து செங்கடல் வழியே எகிப்து. ஜப்பானின் உள்நாட்டுக் கடலின் அழகு அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. 222 நாட்களில் உலகம் சுற்றப்பட்டது. மேற்கு நோக்கியே சென்றதால் அவர்கள் நாட்காட்டியில் ஒரு நாளையும் இழந்தார்கள்! பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எண்பது நாட்களில் உலகம் சுற்றும் தம் கதையைத் தொடராக வெளியிட்டதும் அதே 1872இன் இறுதியில்தான் என்பது வியப்பூட்டும் ஒற்றுமை.

ஆனால் கணித மாணவர் கண்ணுக்கு இங்கே ஓர் எண் உறுத்துகிறது. அப்பயணத்தின் கட்டணம் 200 கினி. ஒரு கினி 21 ஷில்லிங். ஆகவே 4,200 ஷில்லிங். அதாவது 50,400 பென்னி. நாளுக்கு ஒரு பென்னி கூலி வாங்கிய அந்தத் தோட்டச் சிறுவன், ஞாயிறு தவிர எல்லா நாளும் உழைத்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்திருந்தால், குக்கின் உலகப் பயணத்தில் இடம் பிடிக்க 161 ஆண்டுகள் ஆகியிருக்கும். எளியோருக்காக ஒரு ஷில்லிங்கில் தொடங்கிய பாதை, எளியோர் எட்ட முடியாத இடத்துக்குப் போய்விட்டது. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

அந்திக் காலம்

குக்கின் கடைசி ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. மகன் ஜான் மேசன் குக் தொழிலில் வல்லவர். தந்தைக்கோ இலாபத்தை விடத் தொண்டில் நாட்டம். இருவருக்கும் மனத்தாங்கல் முற்றியது. 1870களின் இறுதியில் தந்தை தொழிலிலிருந்து விலகினார். 1880இல் மகள் ஆனி, குளியலறையில் வெந்நீர்க் கருவியின் நச்சு வாயுவால் இறந்தார். 1884இல் மனைவியும் மறைந்தார். உலகின் காட்சிகளையெல்லாம் மற்றவர்க்குக் காட்டிய குக்கின் கண்களே ஒளி இழந்தன. 1892 ஜூலை 18ஆம் நாள் லெஸ்டரில் காலமானார். அவர் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் நிறுவனமும் 2019 செப்டம்பரில் நொடித்து வீழ்ந்தது. இன்று லெஸ்டர் இரயில் நிலையத்தருகே அவர் சிலை நிற்கிறது.

நான் கற்ற பாடம்

இனி என் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பின் கல்விச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஐதராபாத், பெங்களூர், மைசூர் என்று மூன்று நகரங்கள், தனிப் பேருந்து, நல்ல விடுதி. இரண்டு இரவு கண்விழித்து அழகாக எழுதினேன். ஒருவருக்கு 4,800 ரூபாய். வகுப்பில் 44 பேர். பெயர் கொடுத்தவர்கள் 19 பேர். அந்தப் பட்டியலில் திட்டம் போட்ட என் பெயரும் இல்லை. என் அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அந்தத் தொகையை வீட்டில் சொல்லவே எனக்கு நா எழவில்லை.

பட்டியலைப் பார்த்த பேராசிரியர், திட்டம் போட்டவரே வர முடியாத திட்டம் யாருக்காக என்று கேட்டார். தலை குனிந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. நூலகத்திற்கு அழைத்துச் சென்று பயண வரலாறு பற்றிய ஒரு நூலை எடுத்துக் கொடுத்தார். அதில்தான் குக்கைச் சந்தித்தேன். நான் செய்தது 200 கினித் திட்டம். செய்ய வேண்டியது ஒரு ஷில்லிங் திட்டம் என்று புரிந்தது.

மறுபடி கணக்குப் போட்டேன். ஐதராபாத்தை விட்டேன். பேருந்துக்குப் பதில் மாணவர் சலுகையில் இரயில். இரவில் பயணம் செய்தால் ஓரிரவு விடுதிச் செலவு மிச்சம். மற்ற இரவுக்கு ஒரு மாணவர் விடுதியில் இடம் கேட்டு எழுதினோம், கொடுத்தார்கள். 1,900 ரூபாய்! அதையும் நான்கு மாதத் தவணையாகக் கட்டச் செய்தோம். 41 பேர் பெயர் கொடுத்தார்கள். நாற்பத்தோராவது பெயர் என்னுடையது.

மூன்று பேர் வரவில்லை. அவர்களில் ஒருவன் என் நண்பன். பணத்தை நாங்கள் போட்டுக்கொள்கிறோம் என்றோம். அது அறுவடை நேரம். அந்த மூன்று நாள் கூலியை நம்பி வீட்டில் அடுப்பு எரிகிறது என்றான். கட்டணத்தைக் குறைக்கத் தெரிந்த எனக்கு, இழந்த கூலியை ஈடு செய்யத் தெரியவில்லை. குக்குக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீராமலே கிடக்கிறது.

அன்பு நண்பர்களே! நாளை நம்மில் சிலர் விமானத்தில் பறப்போம், புள்ளிகள் சேர்ப்போம், உலகையே கூடச் சுற்றி வருவோம். அப்போது நம் கையில் உள்ள சீட்டின் பின்னே, கூட்டத்துக்காகப் பதினைந்து மைல் நடந்த ஒரு தச்சுத் தொழிலாளி இருக்கிறார் என்பதை நினைவில் கொள்வோம். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடப் போகும் தம்பி தங்கையரிடம் நான் வேண்டுவது ஒன்றே. ஊர்களின் பெயரை எழுதும் முன், வர இயலாதவர்களின் பெயரை எழுதிப் பாருங்கள். அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.